கார் மூணு தடவை சொல்லும்: டேஷ்போர்டு விளக்குகளும் ஞாயிறு காலை பத்து நிமிஷமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதையோட ஆரம்பிக்குது. வெட்கப்பட வேண்டிய ஆள் நான்தான்.

நான் காஞ்சிபுரத்துக்காரன்னு ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும். வீடு பிள்ளையார்பாளையம் பக்கம். அப்பா தறி நெய்யுறவர். எங்க ஊர்ல இருந்து சென்னை போற ஹைவேல முக்கால் மணி நேரம் போனா இருங்காட்டுக்கோட்டை வந்துடும். 1998ல சான்ட்ரோ வெளிவந்த ஹூண்டாய் தொழிற்சாலை அங்கதான். இந்தப் பக்கம் ஒரகடத்துல ரெனோ தொழிற்சாலை. இவ்வளவு கார் தயாராகுற இடத்துக்குப் பக்கத்துலயே வளர்ந்து, இன்ஜினியரிங்கும் படிச்சுட்டு, எனக்குக் காரைப் பத்தித் தெரிஞ்சது ரெண்டே விஷயம். பெட்ரோல் போடணும், வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் விடணும்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார் வாங்கினேன். 2,40,000 ரூபாய். அதுல பாதி என் சேமிப்பு, பாதி அப்பா கொடுத்தது.

ஒரு நாள் அம்மாவுக்குக் கண் செக்கப். சென்னையில முடிச்சுட்டு ராத்திரி மூணு பேரும் திரும்பி வர்றோம். சுங்குவார்சத்திரம் தாண்டினதும் டேஷ்போர்டுல சிவப்பா ஒண்ணு மினுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சுது. அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்குமே, அது. பிரேக் பிடிச்சா எரியுது, வளைவுல எரியுது, நேரா போனா அணைஞ்சுடுது.

என் வேலையில தினமும் நூறு வார்னிங் பார்க்குறவன் நான். கோடு கம்பைல் பண்ணும்போது மஞ்சள் எழுத்துல வரிசையா ஓடும், அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுடுவோம். அந்தப் பழக்கம். "வீட்டுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு ஓட்டினேன்.

பின்னாடி உக்காந்திருந்த அப்பா சொன்னார், "டேய், சத்தம் மாறுதுடா. ஓரமா நிறுத்து."

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான், "ஒண்ணும் இல்லப்பா, ரோடு அப்படி"ன்னேன்.

ராஜகுளம் வந்தப்போ உள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி சத்தம். அப்புறம் வண்டி நின்னுடுச்சு. சாவியைத் திருப்பினா இன்ஜின் சுத்தவே இல்லை.

அடுத்த நாள் மெக்கானிக் அண்ணன் திறந்து பார்த்துட்டு சொன்னது: ஆயில் மூணு லிட்டருக்கு மேல இருக்க வேண்டிய இடத்துல ஒரு லிட்டர்தான் இருந்துச்சு. அடியில ஆயில் வடிக்கிற போல்ட்டோட வாஷர் தேய்ஞ்சு, சொட்டுச் சொட்டா பல வாரமா ஒழுகியிருக்கு. "லைட்டு எரிஞ்சப்பவே நிறுத்தி, ரெண்டு லிட்டர் ஆயில் ஊத்தி, வாஷரை மாத்தியிருந்தா ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும் தம்பி." முடிஞ்சது 62,000 ரூபாய்ல.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா திட்டல. அம்மாதான் கேட்டாங்க, "வாசல்ல கோலம் போடுற இடத்துல கறுப்பா எண்ணெய் சொட்டியிருக்குன்னு ரெண்டு வாரமா சொல்றேனே, அதுவா இது?"

அதேதான்.

ஆக கார் மூணு தடவை சொல்லியிருக்கு. முதல்ல கோலத்து மேல சொட்டி அம்மாகிட்ட. அப்புறம் விளக்கா என்கிட்ட. அப்புறம் சத்தமா அப்பாகிட்ட. மூணுல ஒண்ணைக்கூட நான் கேக்கல. இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: பல கோளாறுல விளக்கு எரியுறது ஆரம்பம் இல்லை. அதுக்கு முன்னாடியே நம்ம கண்ணுக்கும் கைக்கும் தெரியுற மாதிரி ஏதோ ஒண்ணு நடந்திருக்கும்.

நிறம்தான் முதல் பாடம்

டேஷ்போர்டுல இருக்குற படங்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே படங்கள்தான், அதுக்கு ஐஎஸ்ஓ தரம் இருக்கு. மறந்தாலும் காரோட வந்த கையேட்டுல பார்த்துக்கலாம். ஆனா நிறத்தை மறக்கக் கூடாது.

பச்சை, நீலம்னா ஏதோ ஒண்ணு வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஹைபீம் போட்டா நீலம், இண்டிகேட்டர் போட்டா பச்சை.

மஞ்சள்னா கவனிக்கணும். ஓட்டலாம், ஆனா சீக்கிரமே காட்டணும்.

சிவப்புன்னா இப்பவே. பாதுகாப்பா ஓரம் கட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவுதான் உங்களுக்கு இருக்குற நேரம்.

சிவப்புல நாலு

முதல்ல என் வில்லன், ஆயில் பிரஷர். நிறைய பேர் இதை "ஆயில் குறைஞ்சா எரியுற லைட்"னு நினைக்கிறாங்க. இல்லை. இது அளவைச் சொல்றது இல்லை, அழுத்தத்தைச் சொல்றது. இன்ஜின் உள்ள சுத்துற தண்டுக்கும் அதைத் தாங்குற பேரிங்குக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருக்கு. பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளிக்கிட்டே இருக்கிறதாலதான் அந்தப் படலம் நிக்குது. அழுத்தம் போனா இரும்பும் இரும்பும் உரசும். எனக்கு ஏன் வளைவுல மட்டும் எரிஞ்சுது? இருந்த கொஞ்சம் ஆயிலும் ஒரு பக்கமா சாஞ்சு, பம்ப் காத்தை உறிஞ்சியிருக்கு. அதனால இந்த விளக்கு மினுக்கினாலே நிறுத்தி, இன்ஜினை அணைச்சுடுங்க. ஆயில் அளவு பாருங்க. அளவு சரியா இருந்தும் எரிஞ்சா ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணுங்க.

ரெண்டாவது, சூடு. தண்ணியில மிதக்குற தெர்மாமீட்டர் படம். சின்ன கார்கள் பலதுல முள் இருக்காது. இன்ஜின் குளிர்ச்சியா இருந்தா நீலம், அதிகமா சூடானா சிவப்பு, அவ்வளவுதான். எங்க ஊர்ல வைகாசி கருட சேவை அன்னைக்கு வரதராஜ பெருமாள் கோயில் பக்கம் கார்ல மாட்டினா தெரியும். வெயில், ஏசி, அடி அடியா நகர்ற வரிசை. கார் வேகமா போகும்போது ரேடியேட்டர்ல தானா காத்து அடிக்கும். நின்னுட்டா ஃபேன் மட்டும்தான், அது பழுதுன்னா சூடு ஏறும். சிவப்பு வந்தா ஏசியை அணைச்சு, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்க. ஓரம் கட்டவே இடம் இல்லைன்னா, ஹீட்டரை முழுசா வைங்க. இன்ஜின் சூட்டுல கொஞ்சம் உள்ள வந்துடும். நமக்கு வேர்க்கும், இன்ஜின் பிழைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ள அழுத்தத்துல 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம நிக்குற தண்ணி, திறந்த உடனே முகத்துல பீய்ச்சி அடிக்கும்.

மூணாவது, பேட்டரி படம். ஓட்டும்போது இது எரிஞ்சா பெரும்பாலும் பேட்டரி பழுது இல்லை, சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். ஆல்டர்னேட்டரோ, அதைச் சுத்துற பெல்ட்டோ போயிருக்கலாம். பேட்டரியில மிச்சம் இருக்குற வரைக்கும்தான் வண்டி ஓடும். ஏசி, பாட்டு எல்லாம் அணைச்சுட்டுப் பக்கத்து மெக்கானிக்கிட்ட நேரா போங்க, நடுவுல இன்ஜினை நிறுத்தாதீங்க. ஆனா கூடவே சூடு ஏறினா உடனே நிறுத்துங்க. சில கார்ல தண்ணி பம்பும் அதே பெல்ட்லதான் ஓடும்.

நாலாவது, வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி. பிரேக். முதல்ல ஹேண்ட்பிரேக் போட்டிருக்கான்னு பாருங்க. எடுத்த பிறகும் எரிஞ்சா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கலாம். பேட் தேய்ஞ்சாலும் குறையும், ஒழுகினாலும் குறையும். ரெண்டுமே நாளைக்குன்னு தள்ளுற விஷயம் இல்லை.

ஹைவேல நிறுத்த வேண்டி வந்தா: இடது ஓரம், நாலு இண்டிகேட்டரும் ஆன், பின்னாடி முக்கோணம், ஆட்கள் எல்லாரும் காரை விட்டு இறங்கி ரோட்டுக்கு வெளிய. தேசிய நெடுஞ்சாலையில உதவிக்கு 1033க்குக் கூப்பிடலாம்.

மஞ்சள்ல மூணு

செக் இன்ஜின். எல்லாருக்கும் பயம், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச விளக்கு இதுதான். ஏன்னா இதுக்குப் பின்னாடி ஒரு எரர் கோட் இருக்கு! ஸ்டியரிங்குக்குக் கீழ ஓபிடி போர்ட் இருக்கும். ஒரு ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டினா போன்லயே படிக்கலாம். உதாரணமா பி0301ன்னு வந்தா முதல் சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலைன்னு அர்த்தம். ஆனா கோட் சொல்றது அறிகுறியை, நோயை இல்லை. ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரான்னு மெக்கானிக்தான் பார்க்கணும். நிலையா எரிஞ்சா ரெண்டு மூணு நாள்ல காட்டுங்க. விட்டு விட்டு எரிஞ்சா வேகத்தைக் குறைச்சு உடனே காட்டுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில இருக்குற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பாழாக்கிடும், அது ரொம்ப விலை.

ஏபிஎஸ். இது மட்டும் எரிஞ்சா சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனா ஈர ரோட்டுல அழுத்திப் பிடிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கலாம். இடைவெளி விட்டு ஓட்டுங்க.

டயர் அழுத்தம். குதிரை லாடம் மாதிரி இருக்குற படம். எல்லா கார்லயும் இருக்காது.

பிஎஸ் 6 டீசல் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கூடுதல் விளக்கு, டிபிஎஃப். ஊருக்குள்ள மட்டுமே ஓட்டினா புகைக்கரி ஃபில்டர்ல அடைச்சுக்கும். விளக்கு வந்தா ஹைவேல ஒரு இருபது நிமிஷம் சீரான வேகத்துல ஓட்டினா அது தானா எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். அப்பவும் அணையலைன்னா சர்வீஸ்.

எரியாத விளக்கும் ஒரு செய்திதான்

சாவியை ஆன்ல வச்ச உடனே எல்லா விளக்கும் ஒரு தடவை எரியும், கவனிச்சிருக்கீங்களா? அது காரோட சுய பரிசோதனை. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஏர்பேக் விளக்கோ செக் இன்ஜினோ அந்த நேரத்துல எரியவே இல்லைன்னா, யாரோ மறைச்சிருக்க வாய்ப்பு இருக்கு.

மறைக்கிறதுன்னதும் இன்னொண்ணு. 2019 ஜூலையிலருந்து புது கார்கள்ல சீட் பெல்ட் அலாரம் கட்டாயம். சத்தம் எரிச்சலா இருக்குன்னு வெறும் கொக்கியை வாங்கி மாட்டுறவங்க இருக்காங்க. 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு ஆன்லைன் தளங்களுக்கு எதிரா உத்தரவு போட்டுச்சு, அந்தக் கொக்கியை வித்ததுக்காக. நான் விளக்கைப் பார்த்தும் ஓட்டினவன், அதனால அடுத்தவங்களைச் சொல்ல எனக்குத் தகுதி கம்மி. ஆனாலும் சொல்றேன், அதைக் கழட்டிப் போடுங்க.

ஞாயிறு காலை பத்து நிமிஷம்

இப்போ நான் பண்றது இது. காபி குடிச்சுட்டு, இன்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி, சமதரையில.

முதல்ல காருக்கு அடியில தரையைப் பார்ப்பேன். ஏசி தண்ணி சொட்டுறது பரவாயில்லை. கறுப்பு, பழுப்புன்னா ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் மாதிரி கலர்ல பிசுபிசுன்னு இருந்தா கூலன்டா இருக்கலாம்.

பானெட்டைத் தூக்கி டிப்ஸ்டிக்கை உருவி, துணியால துடைச்சு, திரும்ப முழுசா விட்டு எடுப்பேன். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். குறைஞ்சா கையேட்டுல சொன்ன கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். மேல் கோட்டைத் தாண்டி ஊத்துறதும் தப்பு.

கூலன்ட் டேங்க், பிரேக் ஆயில் டப்பா ரெண்டும் வெளியிலருந்தே தெரியும். திறக்கவே வேண்டாம், கோட்டைப் பார்த்தா போதும். கூலன்ட் குறைஞ்சா போர் தண்ணி ஊத்தாதீங்க. நம்ம ஊர் போர் தண்ணி பக்கெட்ல விடுற வெள்ளைப் படிவம் தெரியும்ல? அதே படிவம் ரேடியேட்டர் உள்ளயும் சேரும்.

அப்புறம் டயர். சரியான காத்தழுத்தம் டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் குளிர்ச்சியா இருக்கும்போது அளக்கணும். ஸ்டெப்னியையும் சேர்த்து. டயர் பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன மேடு இருக்கும், அதோட உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அந்த மேட்டுக்கு சமமா தேய்ஞ்சுட்டா டயர் ஆயுசு முடிஞ்சுது.

கடைசியா வைப்பர் தண்ணி, எல்லா லைட்டும். பிரேக் லைட் பார்க்க ஆள் இல்லைன்னா சுவர் பக்கமா ரிவர்ஸ்ல நிறுத்தி மிதிச்சுப் பாருங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி

ரொம்ப நாள் கழிச்சு அப்பாகிட்ட கேட்டேன், "கார் ஓட்டத் தெரியாத உனக்கு எப்படிப்பா சத்தம் மாறுனது தெரிஞ்சுது?"

"தறியில ஒரு இழை அறுந்தா நிறுத்தித்தான் முடிச்சுப் போடணும். அப்புறம் பார்த்துக்கலாம்னு நெய்தா, புடவை முழுக்க அந்தக் கோடு ஓடும். நாப்பது வருஷமா சத்தத்தைக் கேட்டே உக்காந்திருக்கேன், இதுகூடத் தெரியாதா"ன்னார்.

இப்போ ஞாயித்துக்கிழமை நான் பானெட்டைத் தூக்கினா அவரும் வந்து பக்கத்துல நிப்பார். டிப்ஸ்டிக்கை அவர்தான் துடைப்பார். வாசல் தரையைப் பார்க்குறது அம்மா பொறுப்பு.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே வேலை. காரோட கையேட்டைத் தேடி எடுத்து, விளக்குப் படங்கள் இருக்குற பக்கத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. வீட்டுல அந்தக் காரை ஓட்டுற எல்லாருக்கும் அனுப்புங்க. பின் சீட்ல உக்காந்திருக்கிறவங்க "சத்தம் மாறுது"ன்னா, ஓரமா நிறுத்துங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.