ஏற்றத்தில் கொதிக்கும், ஹீட்டரில் குளிரும்



நுவரெலியாப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் முறைப்பாடுகள் இரண்டு. றம்பொடை ஏற்றத்திலோ, தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும்போதோ எஞ்சின் கொதித்து பொனட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்புகிறது என்பது ஒன்று. ஜனவரி மாதத்து விடியலில், துகள் உறைபனி கொழுந்தைக் கருக்கும் நேரத்தில், ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே காரில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஹீட்டருக்கென்று தனியாக நெருப்பு எதுவும் கிடையாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன ரேடியேட்டர்தான் அது. எஞ்சினைச் சுற்றி வரும் சுடுதண்ணீரில் ஒரு பங்கு அதற்குள் ஓடுகிறது. காற்றாடி அந்தச் சூட்டை நம் பக்கம் ஊதிவிடுகிறது. ஆகவே தண்ணீர் குறைந்தால் எஞ்சின் சூடேறும், ஹீட்டர் குளிர்ந்துபோகும். ஹீட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று குளிர்காற்று வந்தால், சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டிராமல் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிவிட்டால் அந்த ஊசியையும் நம்ப முடியாது. அதன் உணரி தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும்.

இனி நம் ஊரின் உயரத்துக்கு வருவோம். நானுஓயா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கார் எஞ்சினோ 85, 90 பாகையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. இடைவெளி அவ்வளவுதான். 1885இல் இங்கே வந்து சேர்ந்த நீராவி ரயிலுக்குத் தண்ணீர் கொதித்தால்தான் ஓட்டம். காருக்கு அது நோய்.

அந்த நோயைத் தடுத்து நிறுத்துவது ரேடியேட்டர் மூடி. ஜப்பான் கார்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருக்கும். உள்ளே அந்தளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் என்று அர்த்தம். 0.9 மூடி ஒழுங்காக இருந்தால் நானுஓயாவிலும் தண்ணீர் 115 பாகை வரை கொதிக்காது. எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இறப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா, ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா? அப்படியானால் முதலில் மூடியை மாற்றுங்கள். ரேடியேட்டரை இறக்குவதும், எஞ்சின் ஹெட்டைக் கழற்றுவதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சூடாக இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் மூடியில் கை வைக்காதீர்கள். முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

அடுத்தது தேர்மோஸ்டட், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாத சின்னக் கதவு. இதைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. கீழ்நாட்டில் கார் கொதித்தால் சில கராஜ் பாஸ்மார் இதைக் கழற்றி வீசிவிட்டு, "இனிக் கொதிக்காது" என்று அனுப்பிவிடுகிறார்கள். கொழும்பு வெயிலில் அது ஒருவாறு ஓடும். அந்தக் கார் மலைக்கு வந்தால் எஞ்சினுக்கு ஒழுங்கான சூடே ஏறாது. பெற்றோல் கூடுதலாகப் போகும், ஒயில் கெடும், ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். கொதிப்புக்கு உண்மையான காரணம் அடைபட்ட ரேடியேட்டராகவோ தளர்ந்த ஃபேன் பெல்ட்டாகவோ இருந்தால் அது அப்படியே இருந்து அடுத்த ஏற்றத்தில் வெளியே வரும். நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது ஊசி கீழே விழுகிறதென்றால் தேர்மோஸ்டட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது.

அதைக் குசினியிலேயே சோதிக்கலாம். நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து வாய் திறக்கத் தொடங்க வேண்டும். முழுதாகத் திறக்க 95 பாகை அளவு வேண்டும். நம் சட்டித் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. எனவே கடைசி ஒரு மில்லிமீட்டர் திறக்கவில்லையே என்று நல்ல சாமானைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது, அதில் சின்னத் துளையும் ஆடும் ஊசியும் இருந்தால் அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். காற்று வெளியேறும் வழி அதுதான்.

காற்று உள்ளே சிக்கினால் ஹீட்டர் வேலை செய்யாது. காரின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி (மேட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை), சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை கூலன்ட் ஊற்றுங்கள். குமிழி நிற்கவே இல்லையென்றால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது பாஸின் வேலை.

அப்படியும் சுடவில்லையா? எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் கோளாறு காற்றாடிப் பக்கம். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் ஹீட்டருக்குள் துரு அடைத்திருக்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால் வால்வு மூடியிருக்கலாம், அல்லது முன்பு யாரோ ஒழுகலுக்குப் பயந்து இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே வெட்டிவிட்டிருக்கலாம். காருக்குள் இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான புகாரும் இருந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது.

நடு ஏற்றத்தில் ஊசி மேலேறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுவதும் திறவுங்கள். வியர்த்துக் கொட்டினாலும் இரண்டாவது ரேடியேட்டராக அது உதவும். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்தி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்ட பிறகே தண்ணீர். கொதிக்கிற எஞ்சினில் பீலித் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடித்துவிடக்கூடும்.

பழைய கூலன்டை மாற்றும்போது கானிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகோல் இனிப்பானது, ஆனால் நஞ்சு. நாய் நக்கினால் செத்துவிடும். போத்தலில் ஊற்றி இறுக்கி மூடி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, கராஜிலேயே ஒப்படையுங்கள்.