டைன் கரையில் ஓர் ‘ஐயோ’



இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டனைப் பார்த்துவிட்டு நேரே ஸ்காட்லாந்துக்கு ரயிலேறிவிடுகிறார்கள். வழியில் டைன் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள சிற்றூர்களில் இறங்குகிறவர்கள் குறைவு. அங்கே நான் தனியாகச் சுற்றிய ஒரு நாளைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

காலையில் நியூகாசிலிலிருந்து மெட்ரோ ரயிலில் சவுத் ஷீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன். ஆறு கடலில் கலக்கும் ஊர். வரிசை வீடுகள் நிறைந்த தெருக்களுக்கு நடுவே, திடீரென்று ஒரு ரோமானியக் கோட்டை. அர்பெயா என்பது அதன் பெயர். ரோமானியரின் எல்லைச் சுவரான ஹாட்ரியன் சுவரில் காவல் இருந்த படைகளுக்குக் கப்பலில் வந்த தானியத்தை இங்கேதான் இறக்கிச் சேமித்தார்கள்.

நான் போனது ஒரே ஒரு கல்லைப் பார்க்க. 1878-இல் இந்த ஊரில் கிடைத்த கல்லறைக் கல் அது. பிரம்பு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை நகைப்பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்திருக்கிறது. மடியில் நூல் நூற்கும் கதிர். காலடியில் கம்பளி நூல் உருண்டைகள் நிறைந்த கூடை. முகம் மட்டும் சிதைந்து போயிருக்கிறது. பெயர் ரெஜினா. தென் இங்கிலாந்தைச் சேர்ந்த கட்டுவெல்லானி என்ற இனக்குழுவில் பிறந்தவள், அடிமையாக இருந்தவள். அவளை விடுதலை செய்து மணந்துகொண்டவர் பராத்தெஸ் என்பவர். அவருக்கு ஊர் சிரியப் பாலைவனத்துப் பல்மைரா. முப்பது வயதில் ரெஜினா இறந்துபோகிறாள். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது.

கல்லில் இரண்டு மொழிகள் இருக்கின்றன. மேலே லத்தீன். அதில் வேற்றுமை உருபுகள் தடுமாறுகின்றன, இலக்கணம் இடறுகிறது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி, பல்மைராக்காரர்கள் பேசிய அரமேய மொழியில். அந்த எழுத்து தயங்கவில்லை. பழகிய கை எழுதியதுபோல வளைந்து நெளிந்து ஓடுகிறது. அந்த வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? அவள் பெயர், அவளை விடுவித்தவர் பெயர், கடைசியில் ஒரு சொல். நம் மொழியில் அதை ‘ஐயோ’ என்றுதான் சொல்ல முடியும்.

அந்த ஊரில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ரெஜினாவுக்கே அந்த எழுத்து தெரிந்திருந்தால் ஆச்சரியம்தான். ஊருக்குச் சொல்ல வேண்டியதை லத்தீனில் சொல்லியாகிவிட்டது. அழுகை மட்டும் அந்த மொழிக்குள் அடங்கவில்லை. அப்போது அந்தக் கோட்டை அருங்காட்சியகக் கூடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் வாய்விட்டே ‘ஐயோ’ என்றேன். அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் தமிழ் அதுதான்.

நியூகாசில் திரும்பி, கார்லைல் போகும் ரயிலில் ஏறி, கார்பிரிட்ஜில் இறங்கினேன். நிலையத்திலிருந்து ஊருக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். 1674-இல் கட்டிய கல்பாலம். 1771-இல் வந்த பெருவெள்ளம் டைன் ஆற்றுப் பாலங்களையெல்லாம் அடித்துக்கொண்டு போனபோது இது ஒன்றுதான் தப்பியது. ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ரோமானிய நகரத்தின் இடிபாடுகள். தானியக் களஞ்சியங்களின் தரை அடியில் ஈரம் தங்காமல் காற்று ஓட வழி வைத்திருக்கிறார்கள். மண் அமுங்கி அமுங்கி, கல் தளம் இப்போது அலைபோல ஏறி இறங்குகிறது. இந்தப் பக்கத்துப் படைகளுக்கு என்னென்ன பொருள்கள் வந்தன என்பதற்கு, இன்னும் மேற்கே விண்டோலாண்டாவில் கிடைத்த மரச் சீட்டுகள் சாட்சி. அவற்றில் ஒன்றில் மிளகுக்கு இரண்டு தினாரியஸ் என்று கணக்கு எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமாபுரிக்கு மிளகு நம் சேர நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறியது.

அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் இன்னொரு கல்லறைக் கல் இருக்கிறது. உருவம் கிடையாது; சில வரிகள்தான். பெயரின் தொடக்கம் உடைந்திருக்கிறது. மிச்சம் ‘ராத்தெஸ்’ என்று முடிகிறது. பல்மைராக்காரர், வயது 68. கொடியோடு தொடர்புடைய ஒரு வேலை. படையில் கொடி தாங்கியவரா, கொடி விற்ற வணிகரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ரெஜினாவின் கணவர்தான் இவர் என்று பலர் கருதுகிறார்கள். அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. எனக்கு அவர்தான் என்று நம்ப ஆசை. அப்படியானால் மனைவியைப் புதைத்த ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, முதுமையில் இறந்திருக்கிறார். இந்தக் கல்லில் லத்தீன் மட்டும்தான். இவருக்காக அரமேயத்தில் அழ இங்கே யாரும் இருக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த நிலையம் ஹெக்ஸம். 674-ஆம் ஆண்டு வாக்கில் வில்ஃபிரிட் என்ற ஆயர் அங்கே ஒரு தேவாலயம் எழுப்பினார். கல்லுக்கு எங்கே போவது? பக்கத்தில் கார்பிரிட்ஜ் பாழடைந்து கிடந்தது. அங்கிருந்து கொண்டு வந்தார்கள். இன்று மேலே நிற்கும் தேவாலயம் பிற்காலத்தது. வில்ஃபிரிட் கட்டியதில் நிலவறை அப்படியே இருக்கிறது. செங்குத்தான படிகள், தோளை உரசும் குறுகிய வழி, குளிர். சுவரைப் பார்த்தால் ரோமானியப் பூவேலைகள் அங்கங்கே தலைகாட்டுகின்றன.

அந்தக் கற்களில் ஒன்றில் பேரரசர் செவரஸின் பெயரும், மகன் கரகல்லாவின் பெயரும் இருக்கின்றன. இளைய மகன் கெட்டாவின் பெயர் இருந்த இடம் செதுக்கி எடுக்கப்பட்டிருக்கிறது. 211-இல் தம்பியைக் கொன்ற கரகல்லா, பேரரசு முழுவதும் அவன் பெயரை அழிக்க உத்தரவிட்டான். ரோமாபுரியில் போட்ட ஆணைக்கு இந்த மூலையிலும் ஒருவன் உளியும் சுத்தியலுமாக வந்திருக்கிறான். காலையில் பார்த்த கல் நினைவுக்கு வந்தது. ரெஜினா என்ற பெயரில் ஓர் எழுத்தும் குறையவில்லை.

மேலே வந்தேன். துறவிகள் நள்ளிரவு வழிபாட்டுக்கு இறங்கிய படிக்கட்டு ஒன்று இருக்கிறது. கால் பட்டுப் பட்டு ஒவ்வொரு படியும் குழிந்திருக்கிறது. அதன் அடியில் ஃபிளாவினஸ் என்ற குதிரைப்படை வீரனின் கல், ஆளைவிட உயரம். ஏழு ஆண்டு சேவை, வயது 25. அதைப் பார்த்துவிட்டு நிலையத்துக்கு நடந்தேன்.

ரயிலில் உட்கார்ந்ததும் ஊருக்குத் தொலைபேசி போட்டேன். அங்கே இரவாகிவிட்டிருந்தது. அம்மா எடுத்தவுடன் “சாப்பிட்டியா?” என்றார். ரெஜினாவைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கணவர் எழுதி வைத்த வரியைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“முப்பது வயசுதானா?” என்று கேட்டார்.