மதிப்பெண்ணும் தாய்மனமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புறநானூற்றில் கல்வி' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இருபதாண்டுகளாகக் கல்லூரியில் அந்நூலைப் பாடம் சொல்லி வருகிறவள் என்பதால், இத்தலைப்பு எனக்கு எளிதாகவே இருக்கும் என்று எண்ணியிருக்கக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் குறிப்பெடுக்க அமர்ந்தபோது, என் மாணவி ஒருத்தி கேட்ட ஒரு கேள்வி வந்து வழிமறித்தது. ஆகவே தலைப்பை விட்டு விலகாமல், அக்கேள்வியின் வழியாகவே அதனுள் நுழைய விரும்புகிறேன்.

புறநானூற்றின் 183ஆம் பாடலை இவ்வவையில் அறியாதார் இலர். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. ஆசிரியருக்கு உதவியும் பொருள் வழங்கியும் பணிந்தும் கற்க வேண்டும் என்று தொடங்கும் அப்பாடல், கல்வியின் ஆற்றலை அடுக்கிச் சொல்கிறது. ஒரு குடியில் மூத்தவனை விடுத்து அறிவுடையவனையே அரசு நாடும் என்கிறது. பிறப்பால் கீழ் எனப்பட்டவன் கற்றால், மேல் எனப்பட்டவனும் அவனிடம் பணிந்து செல்வான் என்கிறது. பிறப்பை அளவுகோலாகக் கொள்ளாது கல்வியை அளவுகோலாகக் கொண்ட இக்குரலை, நம் பழமையின் முற்போக்குக் குரல் என்றே ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வந்துள்ளேன். தேர்வுக்கும் தவறாமல் வரும் பாடல்.

அதே பாடலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளும், கல்விச் சிறப்பை நோக்கித் தாயின் மனமே வேறுபடும் என்கிறது. அவ்விடத்தை நான் வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அம்மா, அந்த இன்னொரு பிள்ளை என்ன ஆனான்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "அவன் பாடலில் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றேன்.

அவன் பாடலில் இல்லை; ஆனால் என் வீட்டில் இருந்தான் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. பள்ளிபாளையம் பகுதித் தறிக்கூடங்களில் இரவும் பகலும் மாறி மாறி நின்ற கால்கள் அவருடையவை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். எனக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகள் 2022இல் பத்தாம் வகுப்பில் 500க்கு 482 பெற்றாள். மகன் 2024இல் 341 பெற்றான். அவன் நன்றாகத்தான் தேர்ச்சி பெற்றிருந்தான். அன்றே, பாலிடெக்னிக்கில் சேர்ந்து வாகனப் பொறியியல் படிக்கிறேன் என்றும் சொன்னான். எனக்கு நெஞ்சு அடைத்தது. என் கண்ணில் பட்டது அவன் ஆசையன்று; எண்ணெய் படிந்த என் தந்தையின் கைகளே. ஒரு தலைமுறையில் ஏறி வந்த படியிலிருந்து அடுத்த தலைமுறை இறங்கிவிடுமோ என்ற அச்சம் அது. 'பேராசிரியர் வீட்டுப் பிள்ளையா இப்படி?' என்று ஊர் கேட்குமே என்ற அச்சமும் அதனோடு சேர்ந்துகொண்டது. கடன் பெற்று, உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தேன்.

அவ்வாண்டு தீபாவளி விடுமுறைக்கு மகன் வந்தான். பயண அலுப்போடு வந்தவனைச் சாப்பிட அழைத்தேன். இலையின் முன் வந்தவன் உட்காரவில்லை. நின்றபடியே வாரத் தேர்வுகளின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடித்த பிறகே அமர்ந்தான். நான் கேட்கவே இல்லை. பேருந்தில் ஏறியவன் பயணச்சீட்டைக் காட்டுவது போலக் காட்டிவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்தான். திண்ணையில் இருந்த என் தந்தையார் அன்றிரவு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உன்னய நான் எந்த மார்க்குக்கும் சோத்துக்கு முன்னால நிறுத்துனதில்லியே கண்ணு."

அந்த இன்னொரு பிள்ளை என்ன ஆனான் என்ற கேள்விக்கு அன்றுதான் எனக்கு விடை கிடைத்தது. அவனை யாரும் அடிக்கவில்லை, யாரும் வெறுக்கவில்லை. அவன் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிப் போனான்.

இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க எழுத்தாளர் பார்பரா ஏரன்ரைக், 1989இல் வெளியிட்ட தம் நூல் ஒன்றில் நடுத்தர வகுப்பின் உள்ளத்தை ஆராய்ந்துள்ளார். 'வீழ்ச்சி அச்சம்' என்று பொருள்படும் பெயருடைய நூல் அது. நிலக்கிழார் தம் நிலத்தை மகனுக்கு எழுதி வைக்கலாம். வணிகர் கடையைக் கையளிக்கலாம். படித்து உயர்ந்தவர் தம் படிப்பை எழுதி வைக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் அதை முதலிலிருந்து ஈட்ட வேண்டும். கள்வர் கொள்ள மாட்டார், வெள்ளம் கொண்டுபோகாது என்றெல்லாம் கல்வியைப் போற்றும் மரபு நம்முடையது. அதன் மறுபக்கத்தை நாம் பேசியதில்லை. யாராலும் கவர முடியாத செல்வம், பெற்ற மகனுக்கும் கொடுக்க முடியாத செல்வமாகவே இருக்கிறது. என் வீட்டை அவன் பெயருக்கு மாற்றலாம்; என் முனைவர் பட்டத்தை மாற்ற முடியாது. ஆகவே அச்சத்தை மட்டும் முழுமையாகக் கையளிக்கிறோம்.

தமிழகத்தில் இவ்வச்சம் கடந்து வந்த பாதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அது தடையாகிறது என்ற குரல் எழுந்து, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. உடனே பன்னிரண்டாம் வகுப்பின் 1200 மதிப்பெண்களே போர்க்களமாயின. பொறியியல் சேர்க்கையில் 200க்குக் கணக்கிடப்படும் 'கட்-ஆப்' என்னும் சொல், பாட்டிமார் வாயிலும் புழங்கியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டுகள் உருப்போட வைக்கும் பள்ளிகள் பெருகின. அதைத் தடுக்கப் பதினொன்றாம் வகுப்புக்கும் 2018இல் பொதுத்தேர்வு வந்தது. மாநில முதலிடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. அதே 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு தமிழகத்திலும் கட்டாயமாயிற்று. பள்ளி முடித்தபின் ஓராண்டு, ஈராண்டு பயிற்சி மையத்திலேயே காத்திருந்து மீண்டும் எழுதுவோர் தொகை பெருகியதை, நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் சுட்டிக்காட்டியது. ஒரு வாயிலை அடைத்தால் அச்சம் மறு வாயிலில் போய் நிற்கிறது. முறைகள் மாறின, திருத்தங்கள் சில நன்மையும் செய்தன, ஆனால் அச்சம் வீடு மாறியதே தவிர வெளியேறவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தேர்வே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது ஏறி முடித்தவர்கள் ஏணியைப் பற்றிப் பேசும் பேச்சு. பரிந்துரைக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பெயரறியாத ஒருவர் திருத்தும் விடைத்தாளே பெருந்துணை. 1995இல் நான் எழுதிய விடைத்தாள் இல்லையேல் இம்மேடையில் நான் இல்லை. என் வினா வேறு: வாயிலைத் திறக்கும் சாவியை மனிதரை நிறுக்கும் எடைக்கல்லாக எப்போது மாற்றினோம்?

திறமையுடையோர் ஆளும் முறையைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் தகுதியாட்சி எனலாம். அச்சொல்லை உலகெங்கும் பரப்பியவர் மைக்கேல் யங் என்னும் பிரித்தானியச் சமூகவியலாளர். 1958இல் வந்த அவர் நூல் ஒரு நையாண்டி. 2034ஆம் ஆண்டிலிருந்து திரும்பிப் பார்ப்பது போல எழுதப்பட்டது. அறிவும் முயற்சியும் மட்டுமே இடத்தைத் தீர்மானிக்கும் ஒரு சமூகத்தில், வென்றவர் தம் வெற்றி முழுவதும் தம்முடையதே என்று செருக்குறுவர். தோற்றவர் தம் தோல்விக்குத் தாமே காரணம் என்று நாணித் தலைகுனிவர் என்பது அவர் எச்சரிக்கை. உலகம் அந்நையாண்டியைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டது. அது கண்டு வருந்தி 2001இல் அவர் மறுபடியும் எழுத நேர்ந்தது.

'தகுதி, திறமை' என்னும் இரட்டைச் சொற்கள் தமிழகத்துக்குப் புதியன அல்ல. இட ஒதுக்கீட்டை எதிர்த்தவர்கள் நெடுங்காலம் ஏந்திய சொற்கள் அவை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாதி மூலதனம் எவ்வாறு 'திறமை' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதை, சென்னை ஐ.ஐ.டி.யைக் களமாகக் கொண்டு அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வந்த தம் நூலில் ஆராய்ந்துள்ளார். மேடைகளில் இவற்றை நானும் உரக்கப் பேசியிருக்கிறேன். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் சோற்றை உண்டவள் நான். கட்டணமில்லா அரசுப் பள்ளியில் படித்தவள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் தங்கியவள். இட ஒதுக்கீட்டால் இடம் பெற்றவள். ஊர் கூடிக் கட்டிய ஏணியில் ஏறியவள், வீட்டுக்குள் வந்ததும் 'நான் படிக்கவில்லையா? உனக்கு என்ன குறை?' என்று மகனைக் கேட்டேன். எந்த எடைக்கல்லை மேடையில் மறுத்தேனோ, அதையே அடுக்களையில் வைத்துச் சோறு நிறுத்தேன். இதைவிட நாணத்தக்கது எனக்கு வேறில்லை.

மீண்டும் புறநானூற்றுக்கு வருகிறேன். 312ஆம் பாடலில் பொன்முடியார் காட்டும் தாய், பிள்ளை வளர்ப்பின் கடமைகளைப் பகுத்துச் சொல்கிறாள். பெறுவது தன் கடமை. சான்றோனாக்குவது தந்தையின் கடமை. வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை. நல்லொழுக்கம் தருவது வேந்தனின் கடமை. அவள் மகனை அனுப்பும் போர்க்களத்தை நான் போற்றவில்லை. ஆனால் ஒரு பிள்ளையை ஆளாக்கும் சுமை ஊருக்கும் அரசுக்கும் பகிரப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். இன்று அத்தனையும் ஒரு வீட்டின் மேல், பெரும்பாலும் ஒரு தாயின் மேல் வந்து விழுந்திருக்கிறது. கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய பங்கைத் தனியார் பள்ளிக்கும் பயிற்சி மையத்துக்கும் பணமாகக் கட்டுகிறோம். பொதுப்பள்ளி வலுப்பெறாமல், எந்தத் தொழிலும் மதிப்போடு வாழப் போதுமான கூலி தராமல், 'பெற்றோரே, அஞ்சாதீர்' என்று அறிவுரை மட்டும் சொல்வதில் பயனில்லை. வீழ்ந்தால் அடிபடாத தரை இருந்தால்தான் வீழ்ச்சி அச்சம் தணியும். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 2020இல் அளிக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு போன்றவை அவ்வழியில் வைத்த அடிகள். போகவேண்டிய தொலைவு இன்னும் உண்டு.

இனி, 188ஆம் பாடல். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குறுகுறுவென நடந்து வந்து, உண்ணும் கலத்தில் கையிட்டு, நெய்ச்சோற்றை உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்க்கு, எத்துணைச் செல்வம் இருந்தும் வாழ்நாளில் பயனில்லை என்கிறான் அவன். 183ஆம் பாடலைப் பாடியவனும் பாண்டியன். 188ஆம் பாடலைப் பாடியவனும் பாண்டியன். அறிவுடை நம்பி என்று பெயர் பெற்ற வேந்தன்தான், எதையும் அறியாத, எதையும் ஈட்டாத ஒரு குழந்தையைப் பாடியிருக்கிறான். அக்குழந்தை கலத்தின் முன் வருவதற்கு எந்தச் சீட்டையும் காட்டவில்லை. தொகுத்தவர் என்ன கருதினாரோ அறியேன். இரண்டு பாடல்களும் ஐந்தே எண் இடைவெளியில் நிற்கின்றன. இருபதாண்டுகள் 183ஐ விளக்கினேன். 188இன் நயம் பாராட்டினேன். இரண்டையும் அருகருகே வைத்து ஒருநாளும் படித்ததில்லை. முன்னது அரசவை நமக்கு வைக்கும் அளவுகோல். பின்னது வீடு. அரசவையின் அளவுகோல் வீட்டுக்குள் வரும்போதுதான் தாயின் மனம் திரிகிறது.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வட்டம் ஆண்டுதோறும் பொதுத்தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற உறுப்பினர் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கி வருகிறது. என் மகளும் பெற்றாள். மேடையேறி நானே வழங்கியும் இருக்கிறேன். அவ்விழாவில் பார்வையாளர் வரிசையில் ஒரு பக்கம் கூடி அமர்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளை நாம் பார்த்ததில்லை. அப்பரிசை நிறுத்தச் சொல்லவில்லை. அவ்விழாவுக்கு வருகின்ற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், மதிப்பெண் கேளாமல், ஒரு நல்ல நூலைக் கொடுப்போம். பதினோராம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். முதல் ஆண்டின் நூல்களுக்கான செலவை நான் ஏற்கிறேன்.

என் மகன் 2025இல் அவன் விரும்பிய பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். எப்படிப் படிக்கிறான் என்று அறிய விரும்புவீர்கள். கூட்டம் முடிந்ததும் சிலர் அன்போடு கேட்கவும் செய்வீர்கள். அன்புகூர்ந்து கேளாதிருங்கள். நான் சொல்லப்போவதில்லை. மாலையில் வீட்டுக்கு வருகிறான், கைகழுவுகிறான், அவன் அப்புச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.