2049-இல் வரும் கலப்புக் கிரகணம்



வட சிலாங்கூர்த் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்குக் கிரகண நாள் நினைவிருக்கும். உலக்கையை நிறுத்திப் பார்ப்பார்கள். கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டார்கள். நேரத்தைச் சொன்னது பஞ்சாங்கம்.

அந்தக் கணக்கு எவ்வளவு சரி? 1825-இல் புதுச்சேரிப் பகுதியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்ற அதிகாரி அதைப் பதிவு செய்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். முடிவு நேரத்தில் 52 நிமிடம். ஏடு பாராமல் செய்த கணக்குக்கு இது பெரும் சாதனை.

ஆனால், சூரிய கிரகணத்துக்கு இந்தத் துல்லியம் போதாது. நடுக்கோட்டருகே ஒரு நிமிடத்தில் பூமி 28 கிலோமீட்டர் சுழன்றுவிடும். அதிலும் கலப்புக் கிரகணம் மிக நுட்பமானது. நிலவின் கருநிழல் முனை பூமியை எட்டியும் எட்டாமலும் நிற்கும். பூமி உருண்டை; பாதையின் நடுப்பகுதி நிலவுக்குச் சற்று அருகில் இருப்பதால் அங்கே சூரியன் முழுமையாக மறையும். ஓரங்களில் வளையமாகத் தெரியும். கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரையிலான 11,898 சூரிய கிரகணங்களில் 569 மட்டுமே இவ்வகை.

எதிர்காலத்தை எப்படி அறிவது? 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரகணம் திரும்பி வரும். 1995 அக்டோபர் 24-இல் இந்தியாவில் தெரிந்தது முழுக் கிரகணம். அதே வரிசையில் 2013 நவம்பர் 3-இல் வந்தது கலப்பு. 2031, 2049, 2067-இலும் கலப்புதான். 2085-இல் வளையம். ஒவ்வொரு முறையும் நிலவு சற்று விலகி நிற்பதே காரணம். எட்டு மணி நேர மிச்சத்தால் நிழல் ஒவ்வொரு முறையும் உலகின் மூன்றில் ஒரு பங்கு மேற்கே நகர்கிறது.

2049 நவம்பர் 25-இல் அந்த நிழல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து இந்தோனேசியாவுக்கு வரும். கோல சிலாங்கூரில் பகுதிக் கிரகணம். மழைக்காலம் என்பதால் மேகமும் இருக்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு அப்பால் போனால் நாளைச் சொல்லலாம். ஊரை உறுதியாகச் சொல்ல முடியாது. பூமியின் சுழற்சி சீராக இல்லை.

இன்று தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அன்று குடும்பத்தோடு வானத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகள் போதும். தமிழ்நாட்டுப் பஞ்சாங்க நேரத்தை அப்படியே எடுக்காதீர்கள். மலேசிய நேரம் இரண்டரை மணி முன்னே இருக்கிறது. எக்ஸ்ரே பிலிமிலோ, மஞ்சள் நீரிலோ சூரியனைப் பார்க்காதீர்கள். அதற்குரிய கண்ணாடியே வேண்டும். கிரகணம் கருவிலுள்ள குழந்தையை ஒன்றும் செய்யாது. பாதுகாப்பின்றிப் பார்த்தால் கண்ணைக் கெடுக்கும்.