காலடி நிலத்தைத் தமிழில் பேசுவோம்

விரிகுடாப் பகுதித் தமிழ்ச் சொந்தங்களே!

சற்று முன் நம் பிள்ளைகள் மழலை மாறாமல் குறள் சொன்னார்கள். உள்ளம் குளிர்ந்தது. மேடையை விட்டு இறங்கியதும் தங்களுக்குள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். பெற்றோரே, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாப்பிட்டாயா, தூங்கு, பாட்டிக்கு வணக்கம் சொல்லு. வீட்டுத் தமிழ் இதோடு நின்றுபோகிறது. பள்ளியில் மேசைக்கடியில் பதுங்கி நிலநடுக்கப் பயிற்சி செய்துவிட்டு வரும் பிள்ளையிடம், நிலம் ஏன் நடுங்குகிறது என்று நம்மில் எத்தனை பேர் தமிழில் பேசியிருக்கிறோம்?

இப்போதே பேசுவோம். பின்வரிசைத் தாத்தா பாட்டிமாரும் சேர்ந்துகொள்ளுங்கள். விரல்கள் முன்னே நீள, உள்ளங்கைகளை ஒட்டி இறுக்குங்கள். இடக்கையை மட்டும் மெல்ல முன்னே தள்ளுங்கள். நகர மறுக்கிறதா? விடாதீர்கள், தள்ளுங்கள். சட்டென்று வழுக்கியதா? சபாஷ்! நம் பகுதியில் ஓடும் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவில் நடப்பது இதுதான். இடக்கை புவியோட்டின் பசிபிக் தட்டு, வலக்கை வட அமெரிக்கத் தட்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடமேற்கே உரசிக்கொண்டு போகிறது பசிபிக் தட்டு. பிளவோ பூட்டிக்கொண்டு கிடக்கிறது. இருபுறப் பாறையும் வளைந்து வளைந்து விசையைச் சேர்த்துவைக்கிறது. 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் அந்தப் பூட்டு தெறித்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் நொறுங்கி எரிந்தது. பாயின்ட் ரேயிஸ் பக்கம் நேராக ஓடிய வேலி இரண்டாகி, ஒரு பாதி ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளி நின்றது. அந்த அழிவை ஆராய்ந்துதான், வளைந்த பாறை மீளும்போது நிலம் அதிர்கிறது என்று புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் விளக்கினார்.

நம்மில் பலர் குடியிருக்கும் ஃப்ரீமான்ட் வழியாகப் போகும் ஹேவர்டு பிளவும் இந்த உரசல் குடும்பம்தான். 1868-இல் பெரிதாக அதிர்ந்தது; நிலநடுக்கம் இல்லாத நாளிலும் ஆண்டுக்கு 5 மி.மீ. அளவில் ஊர்கிறது. ஹேவர்டு நகரில் ரோஸ் தெருவும் பிராஸ்பெக்ட் தெருவும் சந்திக்கும் முனையில் நடைபாதை ஓரக்கல் ஒன்று அதனால் விலகிக்கொண்டே வந்தது. நிலவியலாளர்கள் பல பத்தாண்டுகள் அதைப் படமெடுத்துவந்தார்கள். 2016-இல் நகராட்சி அதைப் பெயர்த்தெடுத்தபோது எவ்வளவு வருந்தினார்கள் தெரியுமா!

உரசல் மட்டுமல்ல. நிலத்தை இருபுறமும் இழுத்தால் நடுப்பகுதி பிளந்து இறங்கும்; நீங்கள் விடுமுறைக்குப் போகும் டெத் வேலி அப்படித்தான் கடல்மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது. நெருக்கினால் ஒரு பாறை இன்னொன்றின்மேல் ஏறும். 1994-இல் நார்த்ரிட்ஜை உலுக்கிய பிளவு அந்த வகை, தரைக்குமேல் தலைகாட்டாதது.

இதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட, பாயின்ட் ரேயிஸில் நிலநடுக்கப் பாதை என்றே ஒன்று உண்டு. சிறிய பாதை, பாட்டியும் நடக்கலாம். 1906-இல் இரண்டான அந்த வேலியை அங்கே மாதிரிக்கு அமைத்திருக்கிறார்கள். பிள்ளையை அதனருகே நிறுத்தி, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பதில் வந்தால், தமிழில் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.