மலைத் தண்ணீரில் நத்தை வளர்ப்பு

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் அதில் இரண்டொரு நத்தைகளையும் விடுவதுண்டு. கண்ணாடியில் படியும் பாசியையும், மீன் தின்னாது விட்ட இரையையும் அவை தின்று தீர்க்கும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் சரியே. ஆயினும் நத்தைக்கெனச் சில தேவைகள் உள. ஏலப்பாறை போன்ற மலையூர்களில் அவற்றுள் முதன்மையானது சுண்ணாம்புச் சத்து.

நத்தையோட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் ஆகும். கோழிமுட்டையின் ஓட்டில் உள்ளதும் அதுவே. நத்தை இச்சத்தை உணவிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது. பாலக்காட்டை அடுத்த வாளையாற்றுப் பக்கத்தில் சுண்ணாம்புப் பாறை உண்டு. அதை நம்பியே அங்குச் சிமென்ட் ஆலை எழுந்தது. பீர்மேட்டு மலைகளோ கருங்கல் மலைகள். அங்குப் பெய்யும் பெருமழை மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கழுவிச் சென்றுவிடுவதால் மண் புளிப்புத் தன்மை அடைகிறது. அப்புளிப்பு தேயிலைக்கு உகந்தது, நத்தைக்கோ பகை. அத்தகைய நிலத்தில் ஊறிவரும் மென்னீர் ஓட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். சோப்பு எளிதில் நுரைக்குமாயின் அது மென்னீர் என அறியலாம்.

ஓட்டின் உச்சி வெளுத்துக் குழி விழுவது முதல் அறிகுறி. இதற்கு மருந்து வீட்டிலேயே உண்டு. முட்டையோட்டைக் கொதிநீரில் அலசி உலர்த்தி, நொறுக்கித் தொட்டியில் இடலாம். கிளிஞ்சலோ கடல்நுரைத் துண்டோ இடினும் நன்று. இவை மெல்லக் கரைந்து நீரின் புளிப்பை மாற்றும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுதல் மட்டும் கூடாது. அது நீரைத் திடீரெனக் காரமாக்கி, மீனையும் நத்தையையும் ஒருங்கே கொன்றுவிடும். குழி விழுந்த பழைய உச்சி மீண்டும் வளராது. ஓட்டின் வாயோரத்தில் புதிதாக வளரும் விளிம்பு வழவழப்பாக இருப்பின் நத்தை நலமடைகிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது எச்சரிக்கை செம்பைப் பற்றியது. 1946ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியது. அதைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்துகளைத் தெளிக்கும் வழக்கமும் பரவிற்று. மிகச் சிறிதளவு செம்பும் நத்தைக்கு நஞ்சாகும். குளத்து நத்தைகளை ஒழிக்க மயில்துத்தம் இட்டதும் இதனாலேயே. ஆதலின் மருந்து தெளித்த சரிவுக்குக் கீழுள்ள ஓடையிலிருந்து தொட்டிக்கு நீர் எடுக்க வேண்டாம். செப்புக் குடத்தில் வைத்த நீரும் வேண்டாம். மீன் நோய்க்கு வாங்கும் மருந்தில் செம்பு உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க.

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். வெந்நீரில் வாட்டிய கீரை, வெள்ளரி, பூசணித் துண்டு ஆகியவை நல்லுணவு; எஞ்சியதை அன்றே எடுத்துவிட வேண்டும். நம் குளத்துப் பெருநத்தைக்குச் செவுளோடு நுரையீரலும் உண்டு. அது மேலே வந்து காற்றைப் பெற, நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சிறிது வெளி விடுக. மூடி இல்லையேல் நத்தை ஏறி வெளியே விழும். நாட்கணக்கில் அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பார்க்கவும். துர்நாற்றம் வீசின் இறந்தது, உடனே அகற்றுக. தொட்டியில் கை வைத்தபின் சோப்பிட்டுக் கழுவுதலும் கடமை.

இறுதியாக, மிகுந்துவிட்ட நத்தைகளை ஓடையிலோ வயலிலோ விடாதீர்கள். 1847இல் பென்சன் என்பார் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்து விட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தை, இன்று கேரளத் தோட்டங்களையும் அரிக்கிறது. அது நிலத்து நத்தை. நீர் நத்தையும் சளைத்ததன்று: தென்னமெரிக்க நத்தையொன்று, 1980ஐ ஒட்டி உணவுக்கெனத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர்ப் பிலிப்பைன்ஸ் நெல்வயல்களைப் பாழாக்கிற்று. தொட்டியில் நத்தையைப் பேணுவோர், தொட்டிக்கு வெளியேயுள்ள வயலையும் பேணக் கடமைப்பட்டவர்கள்.