தோளுக்கேற்ற தோட்டா



சுரக்குடியில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுள் ஒருவர் கல்லூரி மாணவர். தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர். அவர் ஒரு நாள், "ஐயா, மருந்து மிகுந்தால் குண்டு வலிவாகப் பாயும் என்பது தெரிந்த செய்தி. ஆனால் வெளிநாடுகளில் பெரிய குழல் ரைபிள்களுக்கு மருந்தை வேண்டுமென்றே குறைத்து, ஈயக் குண்டு வைத்துத் தோட்டா செய்கிறார்கள் என்று படித்தேன். குறைப்பதால் என்ன பயன்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். அவ்விடையின் முதற்பகுதியை எனக்குக் கற்றுக் கொடுத்தது என் வலத் தோள்.

1970களின் பிற்பகுதியில் நானும் மாணவர் படையில் இருந்தேன். முதலில் 0.22 அங்குலக் குழலுடைய சிறு ரைபிளில் பயிற்சி பெற்றேன். குறி நன்றாகவே அமைந்தது. பின்னர் ஒரு முகாமில் 0.303 ரைபிளைக் கையில் கொடுத்தார்கள். அடிக்கட்டையைத் தோளில் இறுகப் பதித்துக் கொள்ளாமல் முதல் வெடியை வெடித்தேன். தோள் கன்றிப் போயிற்று. அதன் பிறகு நான் சுட்ட குண்டுகளெல்லாம் இலக்குக்குக் கீழே மண்ணில் புதைந்தன. துப்பாக்கியில்தான் குறை என்று நான் வாதிட்டேன்.

பயிற்சி அளித்த ஹவில்தார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. எனக்குத் தெரியாமல், மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றை இடையில் வைத்துக் கொடுத்தார். நான் விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஆயினும் குழலின் முனை நான்கு விரற்கடை தாழ்ந்தது. என் கண்களும் மூடிக் கொண்டன. வராத உதைப்புக்கே என் உடல் அஞ்சிவிட்டது! அதைக் கண்கூடாகக் காட்டிய பின், அவர் என்னை இரண்டு நாள் மீண்டும் சிறு ரைபிளிடம் அனுப்பினார். மூன்றாம் நாள் பெரிய ரைபிளிலும் என் கண்கள் திறந்தே இருந்தன.

இந்த உதைப்பு எங்கிருந்து வருகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் அறிவீர்கள். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. குண்டின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கி வரும் உந்தமும், துப்பாக்கியின் நிறையை அது பின்னோக்கும் வேகத்தால் பெருக்கி வரும் உந்தமும் சமம். 26 கிராம் குண்டு ஒன்று நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில், 4 கிலோகிராம் ரைபிளிலிருந்து புறப்படுவதாகக் கொள்வோம். ரைபிள் நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் தோளை மோதும். அதன் ஆற்றல் 13.5 ஜூல். இனிக் குண்டின் வேகத்தை 300 மீட்டராகக் குறைப்போம். ரைபிளின் வேகம் 1.95 மீட்டர், ஆற்றல் 7.6 ஜூல். வேகத்தில் காற்பங்கைக் குறைத்தோம். உதைப்பின் ஆற்றலோ பாதியை நெருங்கிக் குறைந்துவிட்டது. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பாடநூலில் படித்தீர்களே, அதன் பொருள் இதுதான். மருந்தெரிந்த வாயுவும் முன்னோக்கிப் பாய்வதால் உண்மை உதைப்பு இக்கணக்கினும் சற்று மிகும். மருந்து குறைந்தால் அப்பகுதியும் சேர்ந்து குறையும்.

இக்கணக்கைப் படைகள் நெடுநாளைக்கு முன்பே உணர்ந்திருந்தன. அமெரிக்கப் படை 1873இல் ஏற்றுக் கொண்ட 0.45 அங்குல ரைபிளுக்குக் கருமருந்து 70 கிரெயின். அதாவது ஏறத்தாழ நாலரை கிராம். குதிரை வீரர்க்குரிய குட்டையான கார்பைன் எடை குறைந்தது. ஆகவே மிகுதியாக உதைக்கும். அதற்கு 405 கிரெயின் நிறையுள்ள அதே குண்டுக்கு 55 கிரெயின் மருந்தே இட்டனர். இங்கிலாந்து 1871இல் மேற்கொண்ட மார்ட்டினி ஹென்றி ரைபிள், பின்னாளில் இந்தியச் சிப்பாய்களின் கைக்கும் வந்தது. அதன் தோட்டாவில் 480 கிரெயின் குண்டும் 85 கிரெயின் மருந்தும் இருந்தன. கார்பைனுக்கோ 410 கிரெயின் குண்டும் 70 கிரெயின் மருந்தும் போதும் என்று வகுத்தனர். மருந்தைக் குறைத்தவர்கள் வீரத்தைக் குறைத்தவர்கள் அல்லர், தோளை அளந்தவர்கள்.

இக்குண்டுகள் வார்ப்புக் குண்டுகள். காரைக்கால் கடற்கரையில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதே காரீயந்தான் மூலப்பொருள். காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். அச்சில் ஊற்றினால் வேண்டிய வடிவம் பெறும். ஆனால் தனிக் காரீயம் மிக மென்மையானது. ஆகவே பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அந்த வெள்ளீயத்தைச் சிறிது கலந்து கடினமாக்குவர். மார்ட்டினி ஹென்றியின் குண்டில் காரீயம் 12 பங்கு, வெள்ளீயம் 1 பங்கு.

1884இல் பிரான்சில் பால் வியேல் என்னும் வேதியியலார் புகையற்ற மருந்தைக் கண்டறிந்தார். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. புதிய மருந்து குண்டை முன்னினும் மிக விரைவாக ஓட்டியது. அவ்வேகத்தை மெல்லிய ஈயம் தாங்கவில்லை; குழலின் உட்புரிகளில் தேய்ந்து ஒட்டிக் கொண்டது. ஆகவே குண்டுக்குச் செம்புக் கலவையால் உறையிட்டனர். இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். வார்ப்பு ஈயமும் மிதமான வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்திய இணை. இன்று அமெரிக்கா முதலிய நாடுகளில் பழைய பெருங்குழல் ரைபிள்களைப் பேணுவோர், ஈயக் குண்டை மெழுகுக் கலவை தடவி, மென்மருந்துடன் கையாலேயே தோட்டாவாக்குவது இதனால்தான். பழைய எஃகு பிழைக்கிறது, செலவு குறைகிறது, தோளும் வலிக்காமல் குறியும் கூடுகிறது.

நம் நாட்டு வெயிலுக்கும் இக்கதையில் இடம் உண்டு. கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வெப்பம் மிகுந்தால் மிகுந்த அழுத்தம் தரும். ஆகவே இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிலாளர், இந்தியாவுக்கு வரும் வேட்டை ரைபிள்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்து வகுத்தனர். கருமருந்துக்கென்று செய்த பழைய ரைபிள்களுக்கும், அவை தாங்கும் அளவுக்கே சிறிது கார்டைட் இட்ட தோட்டாக்கள் தனியே செய்யப்பட்டன.

அப்படியானால் குறைத்தால் எப்போதும் நலந்தானா? இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மருந்து அளவு மீறிக் குறைந்தால் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும்; அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். பெரிய தோட்டாவில் சிறிது மருந்து இட்டால் அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. மறதியால் இருமுறை இட்டாலும் வழியாது. மெல்ல எரியும் சில மருந்துகள், வெற்றிடம் மிகுந்த தோட்டாவில் எதிர்பாராத அழுத்தத்தை எழுப்பியதும் உண்டு. எனவே மருந்து செய்வோர் மேல் எல்லையோடு கீழ் எல்லையும் குறிக்கின்றனர். குறைப்பதற்கும் கணக்கு வேண்டும்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமம் இன்றி எவரும் தோட்டா செய்யக் கூடாது. ஆகவே இப்பேச்சு அறிவதற்கே; செய்து பார்ப்பதற்கு அன்று. ஈயத்தைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். வலைக் குண்டுக்காக வீட்டில் ஈயம் உருக்குவோர் அடுப்படியிலோ சமையற் பாத்திரத்திலோ உருக்க வேண்டா. அதன் புகையும் தூளும் உடலில் சேரும் நஞ்சு. குழந்தைகளின் மூளையை மிகுதியாகத் தாக்கும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணாதீர்கள்.

இறுதியாக ஒன்று. நான் ஆசிரியனான முதல் ஆண்டில் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். இயற்கணிதக் கேள்வியை நான் தொடங்கும்போதே கண்களை மூடிக் கொள்வான். படிக்காத பிள்ளை என்று பலநாள் கடிந்து கொண்டேன். ஒரு நாள் அவன் தலை தாழ்ந்ததைப் பார்த்தபோது, முகாமில் தாழ்ந்த என் துப்பாக்கிக் குழல் நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் முழுவதும் அவனுக்கு இரண்டு வரிக் கணக்குகளே கொடுத்தேன். மாதக் கடைசியில் அவன் வகுப்பின் கடினமான கணக்கைத் தானே கேட்டு வாங்கினான். சுரக்குடித் திண்ணையில் கேட்ட அந்த மாணவருக்கு நான் இதைத்தான் விடையாகச் சொன்னேன்: "தம்பி, மருந்தைக் குறைப்பது கண்ணைத் திறந்து வைப்பதற்காக."